5 கிராம் என்றால் எத்தனை ஸ்பூன்?

பேக்கிங் குறிப்புகளில் அளவெல்லாம் கிராமில் இருக்கும், கையில் இருப்பது ஸ்பூன். தராசு வாங்கிவிட்டால் இந்தத் தொல்லை தீர்ந்துவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். முழுக்கத் தீராது. 300 கிராம் மைதாவை ஒழுங்காக நிறுத்துத் தரும் தராசு, 3 கிராம் பேக்கிங் சோடா என்றதும் கையை விரித்துவிடும். சமையலறைத் தராசுகளில் பெரும்பாலானவை ஒவ்வொரு கிராமாகத்தான் எண்ணைக் காட்டும். திரையில் 3 என்று தெரிந்தால் கிண்ணத்தில் இருப்பது இரண்டரையாகவும் இருக்கலாம், மூன்றரையை ஒட்டியும் இருக்கலாம். 300 கிராமில் அரை கிராம் கூடினாலும் குறைந்தாலும் யாருக்கும் தெரியப்போவதில்லை. 3 கிராமில் அரை கிராம் என்பது ஆறில் ஒரு பங்கு.

சந்தேகம் இருந்தால் செய்து பாருங்கள். கிண்ணத்தைத் தராசில் வைத்து, பூஜ்ஜியமாக்கி, ஸ்பூன் நுனியைத் தட்டித் தட்டிச் சோடாவைத் தூவுங்கள். 0. இன்னும் கொஞ்சம். 0. கிண்ணத்தின் அடி வெள்ளையாகிவிட்டது, அப்போதும் 0. பிறகு சட்டென்று 2 வரும். பல தராசுகள் பூஜ்ஜியத்தை ஒட்டி வரும் மிகச் சிறிய மாற்றத்தை எடை என்றே எடுத்துக்கொள்வதில்லை. ஏதோ ஆட்டம் என்று எண்ணித் திரும்பவும் பூஜ்ஜியத்துக்குப் போய்விடும். அதனால் சிறிய அளவுகளை நிறுக்கும்போது நான் பூஜ்ஜிய பொத்தானைத் தொடுவதில்லை. கிண்ணம் 52 காட்டினால் 52-ஆகவே விட்டுவிட்டு, 55 வரும்வரை போடுவேன். இது தராசு ஏமாறுவதைத் தடுக்கும், அவ்வளவுதான். அந்த அரை கிராம் சந்தேகம் அப்படியேதான் இருக்கும்.

ஆகவே என் வழக்கம் இது. 20 கிராமுக்கு மேல் போனால் தராசு, 10 கிராமுக்குக் கீழே ஸ்பூன், இடையில் உள்ளதற்கு எது கைக்கு வாட்டமோ அது. மைதாவையே ஸ்பூனில் அளக்கலாமா என்று கேட்பவர்களும் உண்டு. கணக்குப்படி அளக்கலாம். 250 கிராம் மைதா கிட்டத்தட்ட 31 டேபிள்ஸ்பூன். நடுவில் யாராவது கூப்பிட்டால் எண்ணிக்கை போச்சு. அதைவிடப் பெரிய வில்லங்கம், ஸ்பூனுக்கு ஒரு கிராம் கூடினாலே கடைசியில் 30 கிராம் கூடிப்போகும். கேக் வறண்டுபோக அது போதும். தராசு இல்லாதவர்கள் மைதாவைக் கப்பில் அளப்பதே மேல். சோடா, பேக்கிங் பவுடர், ஈஸ்ட், உப்பு, கோகோ, சோளமாவு, எசென்ஸ் இவைதான் ஸ்பூனுக்கு உரியவை.

முதலில் ஸ்பூனைப் பற்றித் தெளிவாகிவிட வேண்டும். ஒரு டீஸ்பூன் 5 மில்லி, ஒரு டேபிள்ஸ்பூன் 15 மில்லி. அதாவது 3 டீஸ்பூன் சேர்ந்தால் 1 டேபிள்ஸ்பூன். ஆஸ்திரேலியாவில் மட்டும் டேபிள்ஸ்பூன் 20 மில்லி, அங்கே 4 டீஸ்பூன் சேர்ந்தால்தான் 1 டேபிள்ஸ்பூன். அந்த நாட்டுக் குறிப்பைப் பார்த்துச் செய்யும்போது இதை மறந்தால் ஒவ்வொரு டேபிள்ஸ்பூனிலும் கால் பங்கு குறையும். கப்பிலும் இதே கூத்து உண்டு. அமெரிக்கக் கப் சுமார் 240 மில்லி, மெட்ரிக் கப் 250 மில்லி. காபி கலக்குகிற ஸ்பூனும் சாப்பிடுகிற ஸ்பூனும் இந்தக் கணக்கில் சேராது. அவற்றுக்கு நிலையான கொள்ளளவு கிடையாது, கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

அளவு ஸ்பூன் என்று விற்பவையும் எல்லாம் சரியாக இருக்கும் என்று சொல்ல முடியாது. அலங்காரமாக, இதய வடிவத்திலும் இலை வடிவத்திலும் வருபவற்றை நான் நம்புவதில்லை. சோதித்துப் பார்க்கத் தண்ணீர் போதும். ஒரு மில்லி தண்ணீர் ஒரு கிராம். டேபிள்ஸ்பூனால் 10 முறை தண்ணீர் எடுத்துத் தராசில் வைத்த கிண்ணத்தில் ஊற்றினால் 150 கிராமை ஒட்டி வர வேண்டும். டீஸ்பூன் என்றால் 50. விளிம்புக்கு மேல் தண்ணீர் உப்பி நிற்காமல் மட்டமாக இருக்கும்படி எடுங்கள், இல்லாவிட்டால் நல்ல ஸ்பூனும் பெரிதாகத் தோன்றும். என் பெட்டியில் இருந்த ஒரு கால் டீஸ்பூன் உண்மையில் அரை டீஸ்பூனுக்கு நெருக்கமாக இருந்தது இப்படித்தான் தெரிந்தது. இப்போது அது டப்பாவிலிருந்து காபித்தூள் எடுக்க மட்டும்.

ஸ்பூன் சரி என்றால் அடுத்தது மாற்றும் கணக்கு. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். 15 மில்லி என்பதால் ஒரு டேபிள்ஸ்பூன் எதை அள்ளினாலும் 15 கிராம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். சில ஆப்களும் அப்படியே கணக்குப் போட்டுத் தருகின்றன. ஒரு நாள் அண்ணன் மகள் போனில் கேட்டாள்: "அத்தை, கோகோ பவுடர் 30 கிராம்னு இருக்கு. ஆப்ல போட்டா 2 டேபிள்ஸ்பூன்னு காட்டுது. சரியா?"

"அது தண்ணீர்க் கணக்கும்மா. கோகோன்னா 5 டேபிள்ஸ்பூன் வரும்."

"அஞ்சா? கசந்துடாதா?"

"குறிப்பு எழுதினவங்க 30 கிராம்தானே கேக்கறாங்க. ரெண்டு ஸ்பூன் போட்டா 12 கிராம்தான் இருக்கும். நிறம்கூட வராது."

அவள் நம்பாமல் தராசில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் போட்டாள். அதுதான் சரியான பழக்கமும்கூட.

காரணம் எளிது. ஸ்பூன் இடத்தை அளக்கிறது, தராசு எடையை அளக்கிறது. கோகோ போன்ற மெல்லிய தூளில் துகள்களுக்கு நடுவே காற்று நிறைய இருக்கும். தேனில் காற்றும் இல்லை, அதுவே தண்ணீரைவிடக் கனமானது. ஆகவே ஒரே டேபிள்ஸ்பூனில் கோகோ 5 முதல் 7 கிராம், தேன் 21 கிராம். மூன்று மடங்கு, சில சமயம் நான்கு மடங்கு வித்தியாசம்.

நான் அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டி வைத்திருக்கும் எண்களைச் சொல்லிவிடுகிறேன். எல்லாம் தலைதட்டிய ஸ்பூனுக்கு. டீஸ்பூன் கணக்கில்: தூள் உப்பு 6 கிராம், பேக்கிங் சோடா 5 கிராமை ஒட்டி, பேக்கிங் பவுடர் 4 முதல் 5, இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 3, சர்க்கரை 4, ஜெலட்டின் தூள் 3, சோளமாவு இரண்டரையிலிருந்து 3. டேபிள்ஸ்பூன் கணக்கில்: மைதா 8, சோளமாவு 8, ஐசிங் சர்க்கரை 7 அல்லது 8, பால் பவுடர் 7 அல்லது 8, சர்க்கரை 12 முதல் 13, அழுத்தி நிரப்பிய பழுப்புச் சர்க்கரை 13, வெண்ணெய் 14, எண்ணெய் பதின்மூன்றரை, பால் 15, தேன் 21. குறிப்பில் உள்ள கிராமை இந்த எண்ணால் வகுத்தால் ஸ்பூன் கணக்கு வந்துவிடும். 20 கிராம் சோளமாவு என்றால் 20-ஐ 8-ஆல் வகுத்து இரண்டரை டேபிள்ஸ்பூன்.

வேறொரு பட்டியலைப் பார்த்தால் இதே பொருளுக்கு வேறு எண் இருக்கும். பேக்கிங் சோடாவுக்கு ஒருவர் 4.6 என்பார், இன்னொருவர் 6 என்பார். யாரும் பொய் சொல்லவில்லை. தூள் எவ்வளவு நைசு, டப்பாவில் எவ்வளவு நாள் அமுங்கிக் கிடந்தது, காற்றின் ஈரம் எவ்வளவு என்பதைப் பொறுத்து மாறும். பேக்கிங் பவுடரில் சோடாவோடு அமில உப்பும் மாவுச்சத்தும் கலந்திருக்கும், அந்தக் கலவை பிராண்டுக்குப் பிராண்டு வேறு. அதனால் அடிக்கடி பயன்படுத்துகிற நாலைந்து பொருள்களுக்காவது சொந்த எண்ணைக் கண்டுபிடித்து வைத்துக்கொள்வது நல்லது. ஒரு ஸ்பூனை நிறுத்தால் மேலே சொன்ன அரை கிராம் தொல்லை வரும். 10 டீஸ்பூன் அளந்து மொத்தமாக நிறுத்து 10-ஆல் வகுத்தால் அந்தப் பிழையும் பத்தில் ஒன்றாகிவிடும். என் சோடா 48 கிராம் வந்தது, ஆகவே ஒரு டீஸ்பூன் 4.8. அளந்ததைத் திரும்ப டப்பாவிலேயே கொட்டிவிடலாம், வீணாகாது. ஸ்பூனும் கிண்ணமும் ஈரமில்லாமல் இருக்க வேண்டும், அது முக்கியம்.

பாக்கெட்டின் பின்பக்கம் இருக்கும் சத்து அட்டவணையும் உதவும். சில பாக்கெட்டுகளில் ஒரு பரிமாறும் அளவு கால் டீஸ்பூன், 1.5 கிராம் என்ற மாதிரி அச்சிட்டிருக்கும். உப்புக்கு இதை நாலால் பெருக்கினால் 6 கிராம் கிடைக்கிறது. ஆனால் இப்படிச் சின்ன அளவுக்குப் போட்ட எண்ணை அவர்கள் ஏற்கெனவே முழுதாக்கித்தான் போட்டிருப்பார்கள். அதை நாலால் பெருக்கினால் முழுதாக்கியதில் வந்த பிழையும் நாலு மடங்காகும். குத்துமதிப்புக்கு வைத்துக்கொள்ளலாம்.

எண் கையில் இருந்தும் அளவு தவறுவது பெரும்பாலும் அள்ளும் விதத்தில். மைதாவை வைத்து இதைப் பார்த்தால் நன்றாகத் தெரியும். பையைத் திறந்து டேபிள்ஸ்பூனை நேராக உள்ளே குத்தி, பையின் ஓரத்தில் அழுத்தி மட்டமாக்கி எடுத்தால் ஸ்பூனில் மாவு கெட்டியாக, விரலால் தொட்டால் தடம் விழுகிற மாதிரி இருக்கும். நிறுத்தால் 10, 11 கிராம். அதே மாவை முள்கரண்டியால் கிளறிவிட்டு, இன்னொரு ஸ்பூனால் அள்ளி அளவு ஸ்பூனில் தளரப் போட்டு, கத்தியின் முதுகால் மேலே ஒரு இழுப்பு இழுத்தால் 8 கிராம். சலித்த மாவு இன்னும் குறையும். குவித்து எடுத்தால் கணக்கே கிடையாது, அள்ளுகிறவர் தாராளத்தைப் பொறுத்து ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு போகும். கோகோவும் ஐசிங் சர்க்கரையும் மைதாவைவிட மோசம், கட்டி கட்டியாக இருக்கும். கட்டியை உடைத்துவிட்டுத்தான் அளக்க வேண்டும். உப்பும் சர்க்கரையும் நல்ல பிள்ளைகள், எப்படி அள்ளினாலும் பெரிதாக மாறாது.

தட்டினால் மாறும் என்பதையும் கவனியுங்கள். ஸ்பூனை டப்பா விளிம்பில் டக் டக் என்று தட்டி மட்டமாக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. தட்டத் தட்டத் தூள் இறங்கும், மேலே இன்னும் கொஞ்சம் ஏறும். தட்டாமல் இழுத்துவிடுவதே சரி.

இவ்வளவு பார்க்க வேண்டுமா என்றால், பொருளைப் பொறுத்தது. 200 கிராம் சர்க்கரை போடும் கேக்கில் ஒரு டீஸ்பூன் கூடியது யாருக்குத் தெரியும்? சோளமாவு கொஞ்சம் கூடக் குறைய இருந்தாலும் பாதகமில்லை. ஈஸ்ட் கூட விட்டுக்கொடுக்கும். கூடினால் மாவு சீக்கிரம் பொங்கும், குறைந்தால் நேரமாகும், கடிகாரத்தைப் பார்க்காமல் மாவைப் பார்த்தால் சமாளித்துவிடலாம். சோடாவும் உப்பும்தான் மன்னிக்கவே மன்னிக்காதவை. சோடா கூடினால் சோப்பு மாதிரி ஒரு வாடை வரும், கேக் வேண்டியதற்கு மேல் கருக்கும். பேக்கிங் பவுடர் கூடினால் கேக் ஓவனில் ஜோராக எழும்பி, பிறகு நடுவில் குழிந்து உட்கார்ந்துவிடும், நாக்கில் ஒரு கசப்பும் நிற்கும். என் கவனத்தில் முக்கால்வாசியை இந்த மூன்றுக்கும் ஒதுக்கிவிடுவேன்.

கணக்குப் போட்டு வந்த விடை சரியா என்று பார்க்க ஒரு குறுக்கு வழி இருக்கிறது. மைதாவோடு ஒப்பிட வேண்டும். கேக்கில் ஒரு கப், அதாவது 120 முதல் 125 கிராம் மைதாவுக்கு பேக்கிங் பவுடர் 1 முதல் 1¼ டீஸ்பூன் போதும். சோடா தனியாக என்றால் கால் டீஸ்பூன், தயிர் மாதிரிப் புளிப்பான பொருள் நிறைய இருந்தால் அரை டீஸ்பூன் வரை. ரொட்டியில் உப்பு மாவின் எடையில் 2 சதவீதத்தை ஒட்டி இருக்கும், 500 கிராம் மாவுக்கு 10 கிராம், அதாவது ஒன்றே முக்கால் டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவு. இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 1 முதல் 1.5 சதவீதம், 500 கிராமுக்கு 5 முதல் 7 கிராம். 250 கிராம் மைதாவுக்கு 3 டீஸ்பூன் சோடா என்று விடை வந்தால் வகுத்ததில் எங்கோ கோளாறு, அல்லது குறிப்பிலேயே அச்சுப் பிழை. டீஸ்பூனும் டேபிள்ஸ்பூனும் இடம் மாறியிருப்பதும் சகஜம். வெறுமனே ஸ்பூன் என்று எழுதியிருக்கும் குறிப்புகளில் நான் இந்த விகிதத்தை வைத்துத்தான் எந்த ஸ்பூன் என்று முடிவு செய்கிறேன்.

ஈஸ்ட்டில் இன்னொரு பொறி இருக்கிறது. 15 கிராம் ஈஸ்ட் என்று பார்த்ததும் 3-ஆல் வகுத்து 5 டீஸ்பூன் போட்டுவிடக் கூடாது. எந்த ஈஸ்ட் என்று பாருங்கள். ஐரோப்பியக் குறிப்புகளில் கட்டியாக வரும் பச்சை ஈஸ்ட்டைச் சொல்வது வழக்கம். அதற்குப் பதில் இன்ஸ்டன்ட் ஈஸ்ட் போடும்போது எடையை மூன்றில் ஒன்றாக்க வேண்டும். ஆக 15 கிராம் பச்சை ஈஸ்ட் 5 கிராம் இன்ஸ்டன்ட் ஈஸ்ட்டுக்குச் சமம், ஒன்றரை டீஸ்பூனைவிடக் கொஞ்சம் அதிகம். 7 கிராம் சாஷே என்று சொன்னால் அது உலர் ஈஸ்ட், 2¼ டீஸ்பூன்.

உப்பும் அப்படியே. 6 கிராம் என்பது தூள் உப்புக்கு. பரல் பரலான உப்பு அதே டீஸ்பூனில் 3 கிராமும் இருக்கும், 5 கிராமும் இருக்கும், பரலின் வடிவத்தைப் பொறுத்தது. குறிப்பு கிராமில் சொன்னால் எந்த உப்பானாலும் எடை ஒன்றுதான், ஸ்பூனாக மாற்றும்போதுதான் உப்பு எது என்று கேட்க வேண்டும். என்னைக் கேட்டால் பேக்கிங்குக்குத் தூள் உப்பு தவிர வேறு எதையும் ஸ்பூனில் அளக்காதீர்கள்.

குறிப்பைப் பாதியாக்கியோ மூன்றில் ஒன்றாக்கியோ செய்யும்போது முதலில் கிராமில் வகுத்துக்கொண்டு, கடைசியில் ஒரே ஒரு முறை ஸ்பூனாக மாற்றுங்கள். முதலிலேயே ஸ்பூனாக்கி, அதை முழுதாக்கி, அப்புறம் பாதியாக்கித் திரும்பவும் முழுதாக்கினால் பிழை இரண்டு முறை ஏறும். விடை 2⅓ டீஸ்பூன் என்று வந்தால் 2¼-க்கு இறக்கிக்கொள்வேன். சோடா, உப்பு, பேக்கிங் பவுடர் மூன்றையும் எப்போதும் கீழ்ப்பக்கம்தான் முழுதாக்குவேன்.

வெண்ணெயை ஸ்பூனில் அளப்பது வீண் வேலை. கெட்டியாக இருந்தால் ஸ்பூனுக்குள் சந்து சந்தாகக் காற்று நிற்கும், இளகியிருந்தால் பாதி ஸ்பூனிலேயே ஒட்டிக்கொள்ளும். 100 கிராம் கட்டியை நாலாக நறுக்கினால் ஒரு துண்டு 25 கிராம், இதைவிடச் சுலபமான அளவு கிடையாது. உருக்கித்தான் சேர்க்கப் போகிறீர்கள் என்றால் உருக்கிய பிறகு ஸ்பூனில் அளக்கலாம். தேனுக்கு முன்னால் ஸ்பூனில் எண்ணெய் தடவிக்கொண்டால் வழுக்கி இறங்கிவிடும். தராசு இருந்தால் தேன் பாட்டிலையே அதன் மேல் வைத்துப் பூஜ்ஜியமாக்கி, -21 காட்டும்வரை வெளியே ஊற்றலாம். ஸ்பூனே அழுக்காகாது.

அரைக்கால் டீஸ்பூன் வேண்டும், அந்த அளவில் ஸ்பூன் இல்லை என்றால் கால் டீஸ்பூனை மட்டமாக எடுத்து ஒரு காகிதத்தில் கொட்டி, நீளமாகப் பரப்பி, கத்தியால் நடுவில் பிரித்துவிடுங்கள். இன்னொரு முறை பிரித்தால் அது ஒரு சிட்டிகை. இரவு முழுக்கப் புளிக்க வைக்கும் மாவுக்கு 0.2 கிராம் ஈஸ்ட் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள், அதற்குக் கத்தியும் உதவாது. ஒரு டீஸ்பூன் ஈஸ்ட்டை 150 கிராம் தண்ணீரில் நன்றாகக் கலக்கி, அது அடியில் தங்கும் முன் 10 கிராம் எடுத்தால் அதில் கிட்டத்தட்ட 0.2 கிராம் ஈஸ்ட் இருக்கும். அந்த 10 கிராம் தண்ணீரைக் குறிப்பில் உள்ள தண்ணீரிலிருந்து கழித்துக்கொள்ளுங்கள்.

முட்டையைப் பாதியாக்குவது பற்றியும் கேட்பார்கள். ஓடு நீக்கிய பெரிய முட்டை சுமார் 50 கிராம். அடித்துக் கலந்து, நுரை அடங்கிய பிறகு 25 கிராம் எடுக்க வேண்டும், ஸ்பூனில் ஒன்றரை டேபிள்ஸ்பூனும் கால் டீஸ்பூன் சொச்சமும். நுரையோடு அளந்தால் குறைவாகத்தான் கிடைக்கும். மிச்சத்தை மூடி ஃப்ரிட்ஜில் வைத்தால் மறுநாள் பன் மேல் தடவ ஆகும்.